அப்புச்சியின் அம்பாசிடரை மறுபடியும் ஓட வைக்க

கோபி, தாராபுரம், பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துச் சாலைகளில் (கொட்டகைகளில்) பழைய அம்பாசிடர்கள் இன்னும் தார்ப்பாய்க்கு அடியில் நின்றுகொண்டிருக்கின்றன. பெரியவர் ஓட்டுவதை நிறுத்திய அன்றைக்கு வண்டியும் நின்றது. விற்க மனம் வரவில்லை, சரிசெய்ய நேரம் வரவில்லை. அப்படி ஒரு வண்டியை எடுத்து ஓட்டத்துக்குக் கொண்டுவந்து அப்புச்சிக்கோ (அம்மாவின் அப்பா) அய்யனுக்கோ பரிசாகக் கொடுக்க நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு. கணக்கில் எடுத்திருப்பது மார்க் 2 பெட்ரோல் வண்டி: 1,489 சிசி எஞ்சின், எஸ்யூ கார்புரேட்டர், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். மார்க் 3 வண்டிக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

வேலையின் வரிசை முக்கியம். காகிதம், பாடியின் உறுதி, பிரேக், பெட்ரோல் வரும் வழி, எஞ்சின், ஒயரிங், எல்லாம் முடிந்த பிறகு பெயிண்ட். பல பட்டறைகளில் இது தலைகீழாக நடக்கிறது. பெயிண்ட் பளபளத்ததும் கையில் இருந்த பணம் தீர்ந்துவிடும். பிரேக் பழைய ரப்பர் வாஷரோடு அப்படியே இருக்கும். அதன் பிறகு வெல்டிங் வேலை வந்தால் புதுப் பெயிண்டும் கருகும். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் கையில் சாவியைக் கொடுக்கப் போகிறீர்கள். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

காகிதம்

ஆர்சி புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் வண்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பெட்ரோல் விலைக்குப் பயந்து டீசல் எஞ்சினுக்கு மாறிய அம்பாசிடர்கள் நம் பக்கம் நிறைய உண்டு. அந்த மாற்றம் ஆர்சியில் ஏறவில்லை என்றால் புதுப்பிக்கும்போது ஆய்வில் நின்றுவிடும். இதைச் செலவு செய்வதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

சொந்தக் காரின் பதிவு முதலில் 15 ஆண்டுக்கு, பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கப்படும். அதற்கு 25ஆம் எண் படிவம். விட்டுப்போன ஆண்டுகளுக்குத் தாமதக் கட்டணமும் பசுமை வரியும் சேரும். வண்டி வேறொருவருடையது என்றால் பெயர் மாற்றத்துக்கு 29, 30ஆம் படிவங்கள். உரிமையாளர் காலமாகியிருந்தால் 31. வெளியாளிடம் வாங்கினால் உங்கள் பெயருக்கு மாற்றி மறுபடி அப்புச்சி பெயருக்கு மாற்ற வேண்டாம், நேராக அவர் பெயருக்கே வாங்குங்கள், ஒரு மாற்றம் மிச்சம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கையெழுத்தும் கைபேசிக்கு வரும் ஓடிபியும் அவருடையதாகவே இருக்க வேண்டும். கடைசி நாள் வரை அவருக்கே தெரியாமல் வைப்பது நடக்காத காரியம். "ஆர்சியைப் புதுப்பித்து வைக்கலாமுங்க அப்புச்சி" என்ற அளவுக்குச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பட்டறையில் நடப்பது தெரியாமல் இருந்தால் போதும்.

ஐம்பது வருடத்துக்கு மேலான வண்டிக்கு 2021இல் தனி விண்டேஜ் பதிவு வந்தது. 'விஏ' என்ற எழுத்துகளோடு எண் கிடைக்கும். கேட்க நன்றாக இருந்தாலும் பரிசு வண்டிக்கு அது ஒத்துவராது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்கு மட்டுமே அந்த வண்டியைச் சாலையில் எடுக்கலாம். சந்தைக்கும் கோயிலுக்கும் போக வேண்டும் என்றால் சாதாரணப் பதிவையே உயிரோடு வைத்திருங்கள். பெரியவருக்கு அந்தப் பழைய எண்ணும் மனப்பாடமாக இருக்கும்.

தரையும் சில்லும்

அம்பாசிடருக்கு லாரி மாதிரித் தனி சேஸிஸ் கிடையாது. பாடிதான் பாரம் தாங்குகிறது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில், தரை, பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடம் மூன்றும் உறுதியாக இருந்தால் மற்றதைச் சமாளிக்கலாம்.

நம் பக்கம் கடற்காற்று இல்லாததால் துரு குறைவு என்று நம்பி ஏமாறக் கூடாது. தோட்டத்துச் சாலையில் நின்ற வண்டிக்கு வேறு எதிரிகள் உண்டு. பக்கத்தில் அடுக்கிய பொட்டாஷ் மூட்டை குளோரைடு உப்பு. ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரிக்கும். கட்டுத்தறியை ஒட்டி நின்ற வண்டியில் கோமியத்தின் ஈரம் அடித்தகட்டைத் தின்றிருக்கும். எலி மூத்திரம் சீட்டுக்கு அடியில் ஓட்டை போட்டிருக்கும். தரை விரிப்பை முழுக்கக் கழற்றி, ஸ்குரூ டிரைவரின் முனையால் தரையையும் சில்லின் அடியையும் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அங்கே தகடு இல்லை, பெயிண்டும் புட்டியும்தான் இருக்கின்றன. வெளித்தகட்டில் ஒரு காந்தத்தைக் காகிதம் சுற்றி நகர்த்துங்கள். பிடி விடும் இடத்தில் புட்டி தடியாக இருக்கிறது.

சில்லை வெட்டும் முன் கதவைத் திறந்து, கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாக டேக் வெல்ட் அடிக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடலாம். இரண்டு பக்கமும் ஒன்றாக வெட்டினால் நடுவில் வண்டி தொய்யும்; அப்புறம் கதவு எந்த நாளும் சரியாகச் சாத்தாது. வெட்டுவதற்கு முன்பு கதவு இடைவெளியை நான்கு இடத்தில் அளந்து சாக்பீஸால் எழுதி வைத்தால் டிங்கரும் நீங்களும் பின்னால் வாதாட வேண்டியிருக்காது. தரைக்கு 18 கேஜ் தகடு போதும், சில்லுக்கு 16 கேஜ். பழைய தகட்டின் மேலேயே புதியதை ஒட்ட விடாதீர்கள். இடையில் தங்கும் துரு இரண்டு மழைக்காலத்தில் மேலே வரும். கரூர், நாமக்கல், திருச்செங்கோட்டில் பஸ், லாரி பாடி கட்டிப் பழகியவர்களுக்கு இந்த வேலை கைவந்தது. ஆனால் அவர்கள் கை தடிமனான தகட்டுக்குப் பழகியது. காரின் மெல்லிய தகட்டில் நீளமாக ஓட்டாமல், புள்ளி புள்ளியாக மிக் வெல்டிங் அடித்து ஆறவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தகடு அலை அலையாக வளையும்.

பிரேக்

இந்த ஒரு வேலையில் மட்டும் 'இது இன்னும் ஓடும்' என்ற பேச்சே வரக் கூடாது. மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, முன் சக்கரத்துக்கு இரண்டு இரண்டாகவும் பின் சக்கரத்துக்கு ஒவ்வொன்றாகவும் வீல் சிலிண்டர் ஆறு. எல்லாவற்றையும் கழற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. வருடக் கணக்கில் நின்றதால் சிலிண்டருக்குள் துருப் புள்ளிகள் விழுந்திருக்கும். அதில் புது வாஷர் போட்டால் பத்து நாள் நிற்கும், பதினோராவது நாள் ஒழுகும். புள்ளி லேசாக இருந்தால் ஹோன் பண்ணி (உள்ளே தேய்த்து வழவழப்பாக்கி) பார்க்கலாம். ஆழமாக இருந்தால் புது சிலிண்டர், அது கிடைக்காவிட்டால் கோவை லேத்துப் பட்டறையில் துளையைப் பெரிதாக்கிப் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் (உள்ளே பொருந்தும் குழாய்) போட்டு, பழைய அளவுக்கே கொண்டுவர வேண்டும். பம்ப் செட் வேலையில் நுணுக்கம் பார்த்த ஊர் அது. இந்த ஸ்லீவ் அங்கே பெரிய வேலை இல்லை.

இரும்புக் குழாய்கள் உள்ளிருந்து துருப்பிடித்திருக்கும், எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஏசி வேலைக்கு வரும் செம்புக் குழாயைச் சிலர் போடுவார்கள். சம்மதிக்காதீர்கள். செம்பு அதிர்வில் இறுகி விரிசல் விடும். பிரேக்குக்கென்றே வரும் எஃகுக் குழாயோ செம்பு-நிக்கல் குழாயோதான் போட வேண்டும், முனையை இரட்டை மடிப்பாக விரித்து ஃபிளேர் செய்ய வேண்டும். சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கியிருக்கும். பிரேக் அடித்த பிறகு சக்கரம் பிடித்தபடியே நிற்பதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

டிரம்மை லேத்தில் கடையும்போது ஒரே ஆக்ஸிலின் இரண்டு டிரம்மும் ஒரே அளவுக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுப்பது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்கும்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. டாட் 3 பிரேக் ஆயில் சுமார் ஒரு லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், சுத்தப்படுத்தும்போது கொஞ்சம் வீணாகும். இந்த ஆயில் பெயிண்டைத் தின்னும். பெயிண்டுக்கு முன்பே பிரேக்கை முடிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டேங்க், பம்ப், கார்புரேட்டர்

டேங்கில் பிசின் மாதிரி ஒன்று நிற்கும். டேங்கைக் கழற்றி, ஒரு முழம் சங்கிலியும் தண்ணீரும் போட்டு உருட்டுங்கள். பிறகு சிட்ரிக் அமிலம்: பத்து லிட்டர் வெந்நீருக்கு ஒரு கிலோ, ஒரு நாள் ஊறட்டும். அடுத்து சோடா ஆஷ் கரைத்த தண்ணீரில் அலசி அமிலத்தை முறித்து, உடனே உலர்த்திக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிச் சுழற்ற வேண்டும். அரை மணி நேரம் ஈரத்தோடு விட்டால் போதும், செந்தூள் மறுபடி படரும். இரண்டு சரக்கும் திருப்பூர், ஈரோட்டில் சாயப்பட்டறைகளுக்கு விற்கும் கெமிக்கல் கடைகளில் கிலோ கணக்கில் கிடைக்கும். டேங்கில் ஓட்டை இருந்தால், காலியாக இருக்கிறதே என்று வெல்டிங் வைக்க விடாதீர்கள். காலி டேங்கில் தங்கும் ஆவிதான் வெடிக்கும்.

இப்போது பம்பில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. இந்த வண்டி வந்த காலத்து ரப்பரும் கார்க்கும் அதற்குச் செய்ததல்ல. ஹோஸ் மிருதுவாகிக் கசியும், பம்பின் டயாஃப்ரம் விறைக்கும், டேங்கில் ஒட்டியிருந்த அழுக்கு பெயர்ந்து கார்புரேட்டரின் ஜெட்டை (பெட்ரோல் வரும் சிறு துளை) அடைக்கும். எத்தனால் தாங்கும் விட்டான் வகை ஹோஸ் போடுங்கள். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் கண்ணாடிக் கிண்ண ஃபில்டர் ஒன்று வையுங்கள். முதல் 200 கிலோமீட்டருக்குள் அதை இரண்டு முறையாவது கழுவ வேண்டியிருக்கும். மாதக் கணக்கில் நிற்கப்போகும் வண்டியின் டேங்கில் இந்தப் பெட்ரோலை விட்டுவைக்க வேண்டாம்.

எஸ்யூ கார்புரேட்டரின் அழகு அதன் எளிமை. மேலே உள்ள டாஷ்பாட் என்ற சிறு எண்ணெய்க் குழியில் எண்ணெய் இல்லாததால்தான் பாதி வண்டிகள் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் திணறுகின்றன. எஞ்சின் ஆயில் கொஞ்சம் ஊற்றினாலே தீரும். மிக்சர் (பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவு) பார்க்க, எஞ்சின் சூடான பிறகு கார்புரேட்டரின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவு மட்டும் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே இறங்கி நிற்கப் பார்த்தால் குறைவு. லேசாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. அடியில் உள்ள ஜெட் நட்டைக் கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும். எத்தனால் பெட்ரோலுக்குப் பழைய அமைப்பைவிடச் சற்றுக் கூட்டியே வைக்க வேண்டியிருக்கும்.

எஞ்சின்

வருடக் கணக்கில் நின்ற எஞ்சினில் பேட்டரியை மாட்டி ஸ்டார்ட்டரை அமுக்குவதுதான் பெரிய தவறு. ஒட்டிப்போன ரிங் உடையும், லைனரில் கீறல் விழும். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு மூன்று தேக்கரண்டி டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி, மூன்று நாள் விடுங்கள். பிறகு முன் பம்பரின் துளை வழியே எஞ்சினைச் சுற்றும் ஹாண்டிலைப் போட்டுக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் இன்னும் மூன்று நாள். பலம் போடாதீர்கள்.

சுற்றத் தொடங்கியதும் பழைய ஆயிலை வடித்து, சம்ப்பை (எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) கழற்றிக் கழுவுங்கள். அடியில் களிம்பு மாதிரி படிந்திருப்பது ஆயில் பம்பின் வலையை அடைக்கும். புதிதாக 20W-50 மினரல் ஆயில் நான்கு லிட்டர். பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரில் சுற்றி ஆயில் பிரஷர் ஏறியதைப் பார்த்த பிறகுதான் பிளக்கை மாட்ட வேண்டும். கம்ப்ரஷனில் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) நான்கு சிலிண்டருக்கும் இடையே வித்தியாசம் 15 சதவீதத்தைத் தாண்டினால், குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் போயிருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு.

எஞ்சினின் தலையை (சிலிண்டர் ஹெட்) கழற்ற வேண்டி வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்குக் கடின உலோக வளையம் அடித்துவிடுங்கள். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்தது. நாட்டில் 2000த்தோடு அது நின்றுவிட்டது. ஈயம் இல்லாததால் சீட் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமுங்கும், வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவில் இருக்க வேண்டிய டேப்பட் இடைவெளி மறைந்து வால்வு கருகும். டேப்பட் வைக்க ஒரு சுலபக் கணக்கு: மொத்தம் எட்டு வால்வு. முழுதாகத் திறந்திருக்கும் வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் வருவதைச் சரிசெய்ய வேண்டும். ஒன்று திறந்திருந்தால் எட்டு, மூன்று திறந்திருந்தால் ஆறு. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2. டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி 0.38 மில்லிமீட்டர், பிளக் 0.63.

சூடேறும் வண்டி என்று கெட்ட பெயர் வாங்குவதில் பாதிக்குப் பாதி தண்ணீரின் தவறு. அவிநாசி, பல்லடம் பக்கத்துப் போர்வெல் உப்புத் தண்ணீரை வருடக் கணக்கில் ஊற்றியதால் ரேடியேட்டரிலும் பிளாக்கிலும் சுண்ணாம்பு படிந்திருக்கும். ரேடியேட்டரைக் கழற்றிக் கடையில் கொடுத்துச் சுத்தப்படுத்துங்கள். பிளாக்கின் பக்கவாட்டில் தகட்டு மூடி மாதிரி உள்ள கோர் பிளக்கைத் தட்டி எடுத்து உள்ளே சுரண்டுங்கள். பிறகு கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் மட்டும்.

ஒயரிங்

துணி சுற்றிய பழைய ஒயர் விரலால் வளைத்தாலே உதிரும், அங்கங்கே எலி கடித்திருக்கும். ஒட்டுப்போடாமல் முழு ஹார்னஸையும் (ஒயர்க் கட்டு) புதிதாக்குங்கள். பழையதைத் தரையில் விரித்துக் கிளைகளை அளந்து அதே நிறத்தில் கட்டினால் பின்னால் யார் வந்தாலும் புரியும். பேட்டரியை மாட்டும் முன் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். டைனமோ உள்ள பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கலாம். மாற்றி மாட்டினால் போச்சு. மூன்றை மட்டும் புதிதாகச் சேர்க்கலாம்: ஹெட்லைட்டுக்கு ரிலே, கூடுதல் ஃப்யூஸ் பெட்டி, பேட்டரி கட் ஆஃப் ஸ்விட்ச். மூன்றும் கண்ணுக்குத் தெரியாமல் வைக்கக் கூடியவை.

பெயிண்ட், குரோம், சீட்

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியோடு வரும், ஐப்பசி கார்த்திகையில் ஈரம். மூடிய பூத் இல்லாத பட்டறை என்றால் தை முதல் பங்குனி வரை நல்ல காலம். நிறத்தை நினைவிலிருந்து சொல்ல வேண்டாம். டிக்கி ரப்பருக்கு அடியிலும் டாஷ்போர்டின் பின்புறமும் வெயில் படாத பழைய நிறம் இருக்கும். அதைக் காட்டிக் கலக்கச் சொல்லுங்கள். வெறும் தகட்டில் முதலில் எப்பாக்ஸி பிரைமர், புட்டி இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். மேலே கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சு பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் போட்டால் அந்தக் காலத்து மினுக்கம் வரும். தேவையான பெயிண்டை ஒரே தடவையில் கலக்கி, அரை லிட்டர் எடுத்து வையுங்கள். அடிப்பவர் துணி முகமூடியோடு நிற்கக் கூடாது. இந்தப் பெயிண்டின் ஹார்டனர் நுரையீரலைக் கெடுக்கும், அதற்குரிய மாஸ்க் வேண்டும்.

பம்பர் குரோமுக்குச் செம்பு, நிக்கல், பிறகு குரோம் என்று மூன்று அடுக்கும் கேளுங்கள். செம்பை விட்டுவிட்டால் முதல் மழையிலேயே பொரியும். கதவு ஹாண்டில், சின்னம் போன்ற வார்ப்புச் சாமான்கள் துத்தநாகக் கலவையாக இருக்கலாம். அமிலத் தொட்டியில் பம்பரோடு போட்டால் அரித்துப்போகும், தனியாகக் கொடுங்கள். குரோம், பீடிங், தையல் எப்படி முடிந்திருக்க வேண்டும் என்று கண் பழகுவதற்குக் கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜீடி கார் மியூசியத்தை ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். கிடைக்காத சாமானுக்குக் கோவை உக்கடம், அப்புறம் சென்னை புதுப்பேட்டை.

சீட்டில் ஸ்பிரிங் நல்லதாக இருந்தால் ஃபோம் போட வேண்டாம். ரப்பரூட்டிய தென்னை நார் மெத்தை பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கும். உயரம் பழையபடி நிற்கும், வெயிலில் வேர்க்காது. ஃபோம் வைத்துத் தாழ்ந்துபோன சீட்டிலிருந்து முழங்கால் வலிக்காரரால் எழுந்திருக்க முடியாது.

இனி, தொடக் கூடாதவை. ஸ்டியரிங்கில் கை பட்டுத் தேய்ந்த இடம், டாஷ்போர்டில் ஒட்டிய பழனி முருகன் படம், அமுச்சி (பாட்டி) கைப்பிடித்துப் பிடித்துப் பழுப்பேறிய கதவுப் பட்டை, ஹாரனின் அதே குரல். இவற்றை எடுத்துவிட்டால் அவர் வேறு யாருடைய வண்டியிலோ ஏறுவது போல உட்காருவார். வேலை தொடங்கும் முன்பே டிங்கருக்கும் பெயிண்டருக்கும் இந்தப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிடுங்கள். பட்டறையில் 'புதுசா போட்டுட்டேனுங்கண்ணா' என்று ஆசையாகச் சொல்லும்போது பழையது குப்பைக்குப் போயிருக்கும்.

கொடுக்கும் முன்

ஐந்து கிலோமீட்டர், இருபது, ஐம்பது என்று கூட்டிக்கொண்டே போய் 500 கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் சக்கர டிரம்மைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. 500இல் ஆயிலை மாற்றி டேப்பட்டை மறுபடி பார்க்க வேண்டும். முன் சஸ்பென்ஷனின் கிரீஸ் நிப்பிள்களுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். 27 வளைவுள்ள திம்பத்துக்கும் 40 வளைவுள்ள வால்பாறைக்கும் அவசரப்பட்டு ஏற்ற வேண்டாம். இறங்கும்போது டிரம் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும்; கியரில்தான் இறங்க வேண்டும்.

பெரியவரின் லைசென்ஸ் காலாவதியாகியிருக்கும். புதுப்பிக்க மருத்துவர் கையெழுத்திட்ட 1ஏ படிவம் வேண்டும். கண்ணாடியை மாற்ற வேண்டியிருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். இன்சூரன்ஸ் அவர் பெயரில் இருக்க வேண்டும்.

சீட்டுக்கு அடியில், கதவுக் குழிக்குள் கிடைத்ததை எல்லாம் கழற்றிய நாளிலிருந்தே ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்: பழைய காசு, சந்தைச் சீட்டு, ஒற்றைக் கம்மல், துருப்பிடித்த சாவி. டயர் காற்றின் அளவு, சோக் எவ்வளவு இழுக்க வேண்டும், வாரம் ஒருமுறை இருபது நிமிடம் வண்டியை எடுக்கப்போவது யார் என்று பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, அந்த டப்பாவோடு கிளவ் பாக்ஸில் வைத்துச் சாத்துங்கள்.